பொந்தில்லாத தொட்டி

உப்புத் தண்ணீர் மீன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்டால் கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சோற்றுப் பானையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதற்குள் எட்டு மீன் கேட்பார்கள். "சின்ன மீன்தானே அக்கா, அட்ஜஸ் பண்ணிக்கும்லா" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே மலேசியாவில், பத்து பாகாட் ஊரில் கடை போட்டதிலிருந்து நான் விற்ற மீனை விட, விற்க மாட்டேன் என்று துரத்தி விட்ட ஆள்கள்தான் அதிகம் என்று என் வீட்டுக்காரர் ரபேல் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் விற்ற மீன் ஒரு மாசத்தில் செத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் திமோத்தி முதல் தடவை கடைக்கு வந்தபோது எனக்கு அவரைப் பிடித்துப் போனது. இரண்டடித் தொட்டி, சின்னதுதான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

திமோத்தி என் தங்கை எவ்லினுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. சிங்கப்பூரில் எஞ்சினியர். எங்களுக்குப் பக்கத்து ஊரான யோங் பெங்கில் சொந்த வீடு, வாரக் கடைசியில் மட்டும் அங்கே வருவார். எவ்லினுக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள், துணி ஃபேக்டரியில் கிளார்க். எத்தனை பேர் வந்து கேசரி தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் தெரியுமா. ஒருத்தனுக்கு இவள் கறுப்பு, இன்னொருத்தனுக்கு இவள் வாயே திறக்கவில்லை. மாதா கோவிலில் மற்ற பெண்களுக்கு ஓலை வாசிக்கும்போதெல்லாம் இவள் பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து புரட்டிக்கொண்டிருப்பாள்.

ஓலை என்றால் காகிதம்தான், பழைய பேர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் வாசிப்பார். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கடைசி வரி முடிவதற்குள் பாதிக் கோவில் கார் சாவியைத் தேடும். ஒருவரும் எழுந்து தடை சொல்லி நான் கண்டதில்லை.

எவ்லினுக்கு முதல் ஓலை வாசித்த அன்று நான் அழுதுவிட்டேன். பூசை முடிந்து அவளும் திமோத்தியும் நேராகக் கடைக்கு வந்தார்கள்.

"ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மீனா நீங்களே சொல்லுங்கக்கா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றார்.

இப்படி ஒரு ஆள் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். சின்னத் தொட்டி என்றால் மீனைப் பார்த்து ஆசைப்படக் கூடாது, ஆள்களைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும் என்றேன். ஒரே சாயல், ஒரே நிறம் உள்ள இரண்டு வேண்டாம், எதிரி என்று நினைத்து அடித்துக்கொள்ளும். கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். அதற்கு முன்னால் பயந்த சுபாவம் உள்ளதை விட வேண்டும்.

"யாரை எப்ப விடுறோம்கிறதுதான் முக்கியம் தம்பி. பயந்தது முதல்ல போகணும். அது ஒரு பொந்து பாத்து இடம் பிடிச்சுக்கும். முரடு கடைசியா போகணும். என்னைக் கேட்டா முரடே வேணாம். மொதல்ல வந்தவனுக்குத்தான் அது வீடு. பின்னால வர்றவன் வாடகைக்காரன்."

"அப்ப முரட்டை மொதல்ல விட்டுட்டா?"

"மத்தது மிஞ்சாது."

"உடனே கொன்னுடுமா, இல்ல வெரட்டிக்கிட்டே இருக்குமா?"

"வெரட்டும். திங்க விடாது. அப்புறம் அதுவா செத்துப் போயிடும்."

அவர் தலையை ஆட்டினார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் போல உதட்டை அசைத்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு அக்கறை என்று நான் எவ்லினைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் வெட்கப்பட்டாள்.

கோபி என்று ஒரு மீன் இருக்கிறது. விரல் நீளம், பயந்தாங்கொள்ளி, பொந்துக்குள் உடம்பை வைத்துத் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். தமிழ் ஆள்கள் பேரைக் கேட்டுச் சிரிப்பார்கள், "எங்க சித்தப்பா பேரு அக்கா" என்பார்கள். திமோத்தி அந்தத் தொட்டிக்கு முன்னால் போய் நின்று நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார். டக், டக். தலை உள்ளே போய்விட்டது.

"தட்டாதீங்க தம்பி. உள்ள இருக்கிறதுக்கு இடி விழுந்த மாதிரி இருக்கும்."

"சாரிக்கா. கூப்பிட்டா வருமான்னு பார்த்தேன்."

கடைசியில், ஒளியப் பொந்து உள்ள கடல் கல் ஒன்றும் ஒரு ஃபயர்ஃபிஷ்ஷும் எடுத்துக்கொண்டார். முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்பு மாதிரி சிவப்பு, ரொம்ப சாது. கூடவே எபோக்சியும் கேட்டார். பவளத்தைக் கல்லில் ஒட்டுகிற பசை அது. இரண்டு கட்டியைச் சேர்த்துப் பிசைந்தால் தண்ணீருக்குள்ளேயே கல்லாக இறுகும். கடல் கல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகட்டும் என்று ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் செய்திருப்பார்கள். அந்த நிறம் வேறு எதிலும் வராது. அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்.

"பவளம் ஒண்ணும் வாங்கலையே தம்பி" என்றேன்.

"பின்னால தேவைப்படும்க்கா."

மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திமோத்தி விரல் நகத்தால் தட்டின் விளிம்பில் மெதுவாகத் தட்டினார். எவ்லின் எழுந்து போய் ரசம் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு தட்டு, அவள் தண்ணீர் ஊற்றினாள். ரபேல் வாய் விட்டுச் சிரித்தார்.

"பாத்தியா வினி, சொல்லாமலே புரிஞ்சுக்கிறா. இருபது வருஷமா நான் கத்துறேன், உனக்குக் கேக்கல" என்றார். நானும் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் தனியாகக் கடைக்கு வந்தார். ஃபயர்ஃபிஷ் போய்விட்டது என்றார். எப்படி என்று கேட்டதற்கு ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினார். தொட்டிக்கு மேலே கேமரா வைத்திருக்கிறாராம். சிங்கப்பூரில் இருந்துகொண்டே பார்க்கலாமாம்.

நான் பார்த்தேன். தொட்டிக்குள் இருந்தது என் மீன் மட்டும் இல்லை. டாட்டிபேக் ஒன்றும் இருந்தது. முழு ஊதா, பார்க்க நகை மாதிரி இருக்கும், குணம் பேய். சின்னத் தொட்டிக்கு அதை நான் விற்கவே மாட்டேன்.

"ஐயோ அலமாக், இது எங்க இருந்து வந்துச்சு?"

"ஜோகூர் பாருல ஒரு கடையில வாங்கினேன்க்கா. மொதல்லயே இருந்துச்சு."

"முரடு மொதல்ல போகக் கூடாதுன்னு வாய் வலிக்கச் சொன்னேனே. அப்பவே இதைச் சொல்லியிருக்கணும்ல?"

"பழகிடும்னு நெனச்சேன்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. முகத்தில் தேடிப் பார்த்தேன், அங்கே இல்லை.

வீடியோவில் ஊதா மீன் அடித்தது, ஃபயர்ஃபிஷ் ஓடியது. அது எனக்குப் புதிதில்லை. இன்னொன்றுதான் உறுத்தியது. ஃபயர்ஃபிஷ் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் மூக்கை வைத்து முட்டியது. நகர்ந்து வேறோரிடத்தில் முட்டியது. பொந்தும் புடையுமாக இருக்கிற கல் அது, நானே கொடுத்தது. பயந்த மீன் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே போயிருக்க வேண்டும். இது ஏன் வெளியிலேயே நிற்கிறது என்று கேட்டேன்.

"தெரியலக்கா. ஆனா நான் நெனச்சதை விட ரொம்பவே தாங்கிச்சு" என்று ஃபோனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நம்ம வீட்டுல சாப்பாடு. வாங்க, தொட்டியையும் பாத்துடலாம்."

ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து ரபேல், நான், எவ்லின் மூவரும் யோங் பெங் போனோம். புதுசாகக் கட்டின தாமான் குடியிருப்பு, கடைசி வரிசை வீடு. பின்னால் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சாப்பாட்டைக் கடையில் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிக் கொண்டுவந்து, பாத்திரத்தில் மாற்றி அழகாக வைத்திருந்தார்.

நான் சாப்பாட்டுக்கு முன்னால் தொட்டியிடம் போனேன். ஊதா மீன் மட்டும் நடுவில் நின்றது. குனிந்து கல்லைப் பார்த்தேன். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

கல்லில் ஒரு பொந்துகூட இல்லை. இருந்த ஓட்டையையெல்லாம் ரோஸ் நிற எபோக்சியால் அடைத்திருந்தது. பென்சில் நுழைகிற சின்ன ஓட்டையைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்தி வழித்திருக்கிறார், சில இடத்தில் ரேகைகூடப் பதிந்திருந்தது. கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கையும் அடைத்திருந்தார். இவ்வளவு செய்ய எத்தனை பொழுது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி இப்படிப் பண்ணினீங்க?"

"ஒளிஞ்சுக்கிட்டா பாக்க முடியலக்கா. நான் ஊர்ல இருக்கிறதே வாரக் கடைசியில. மத்த நாள் கேமராவுலதான் பாக்கணும். நமக்குன்னு வாங்கினது நம்ம கண்ணு முன்னால இருக்க வேணாமா?"

"அதானே, நியாயம்தான்" என்றார் ரபேல். மேசையில் இருந்த கோழியின் வாசனை அவரை நியாயவான் ஆக்கியிருந்தது.

திமோத்தி கண்ணாடியைத் தட்டினார். டக், டக். ஊதா மீன் விரலுக்கு நேராக வந்து நின்றது. "பாருங்க, பழகிடுச்சு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கேமரா தொட்டியை மட்டும் பார்க்கவில்லை. ஹால், சமையலறை வாசல், வாசல் கதவு எல்லாம் அதற்குள் விழும்.

சாப்பிட்டு முடித்துக் கைகால் கழுவிவிட்டு வரலாம் என்று படுக்கையறைக் குளியலறைக்குப் போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினேன். இல்லை. குமிழிலும் பூட்டுகிற பொத்தானைக் காணோம். ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. இந்த வயசில் எனக்கு இது தேவையா என்று திட்டிக்கொண்டே கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடம் தெரிந்தது. ஆணி ஓட்டைகளை அடைத்திருந்தது. பழுப்புக் கதவில் ரோஸ் நிறப் பொட்டுகள், என் கடை எபோக்சி. ஒன்றில் பெருவிரல் ரேகை.

வெளியே வந்து படுக்கையறைக் கதவைப் பார்த்தேன். அதிலும் உட்பக்கம் அதே ரோஸ் பொட்டுகள். பக்கத்து அறைக் கதவிலும் அப்படியே. வாசல் கதவில் மட்டும் பூட்டு இருந்தது, புதுசாக, பெரிதாக.

இதற்கு மேல் எனக்கு 'அவர்' என்று வராது. அவன் ஹாலில் உட்கார்ந்து எவ்லினுக்குக் கேமராவை எப்படித் திருப்புவது என்று ஃபோனில் காட்டிக்கொண்டிருந்தான்.

"கதவுல தாழ்ப்பாள் எங்க தம்பி?"

"கழட்டிட்டேன்க்கா" என்றான் சாதாரணமாக. "நாங்க ரெண்டு பேருதானே இருக்கப் போறோம். எங்களுக்குள்ள என்ன தாழ்ப்பாள்?"

எவ்லின் தலையைக் குனிந்து சிரித்தாள். கன்னம் சிவந்து போயிற்று. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயமே வந்தது. அவளுக்கு அது ஆசையான பேச்சாகக் கேட்டிருக்கிறது.

திரும்புகிற வழியில் காரில் நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். கல், பொந்து, கேமரா, கதவு எல்லாம் சொன்னேன். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். ரபேல் வண்டியை மெதுவாக்கினார்.

"வினி, தொட்டியில மீன் செத்துப்போச்சுன்னு ஒரு கல்யாணத்தை நிறுத்துவாங்களா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

பின்சீட்டில் இருந்த எவ்லின் முன்னால் சாய்ந்தாள். பிறகு பேசினாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"உங்களுக்கு எல்லாமே மீன்தான் அக்கா. என் கூட வேலை செய்றவங்க பிள்ளைங்க ஃபார்ம் ஃபைவ் வரைக்கும் படிச்சே முடிச்சிடுச்சு. நான் இன்னும் உங்க ஸ்டோர் ரூம்ல, மீன் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்துல படுத்திருக்கேன். எனக்குன்னு ஒருத்தர் வந்திருக்கார். என்னைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு நெனக்கிறார். அது குத்தமா? இத்தனை வருஷமா என்னை யாரு பாத்தா அக்கா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ரபேல் ரேடியோவைப் போட்டார்.

வாரத்தின் நடுவில் நான் ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். தடை என்றால் என்ன என்று கேட்டேன். வேறு கல்யாணம் ஆகியிருந்தால், நெருங்கின ரத்த உறவாக இருந்தால், யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் என்று அவர் சொன்னார். கதவில் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தால் என்று கேட்டேன். ஃபாதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அது சட்டத்துல இல்லம்மா. ஆனா பொண்ணு மனசு நிறைஞ்சு சம்மதம் சொல்லணும். அது இல்லேன்னா அதை விடப் பெரிய தடை கிடையாது. அதை நீங்க சொல்ல முடியாது. அவதான் சொல்லணும்."

அன்று சாயங்காலம் எவ்லின் வேலை முடிந்து கடைக்கு வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், ஆனால் பேசினாள்.

"உங்க மனசுல இது கெடந்து அரிக்குதுன்னு தெரியுது. ஒரு மீன் குடுங்க. ஒளியறதுக்கு இடமும் குடுங்க. சனிக்கிழமை நான் கொண்டுபோறேன். நான் கேட்டா அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டார். பாத்துட்டு நீங்க வாயை மூடிக்கணும், சரியா?"

"ஊதா மீனை அவன் வெளிய எடுக்கணும்" என்றேன்.

"எடுக்கச் சொல்றேன்லா."

சனிக்கிழமை காலையில் அந்தக் கோபியைப் பிடித்துப் பையில் போட்டேன். மீனை நினைத்து மனசு கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கொடுக்காமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. ஒளிவதற்கு ஒரு துண்டு பிவிசி குழாய் கொடுத்தேன், இரண்டு பக்கமும் திறந்தது. கோபிக்கு அது அரண்மனை. எவ்லின் பையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டுபோகிற தாய் மாதிரி ஒரு கையால் அதை மறைத்துப் பிடித்திருந்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய அவன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். எப்படி இருந்தது என்று கேட்டேன். தலைவலி என்று அறைக்குள் போய்விட்டாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அவள் ஒரு நாளும் தாழ்ப்பாள் போட்டுப் படுத்ததில்லை.

மறுநாள் மூன்றாம் ஓலை. அவன் வெள்ளைச் சட்டையோடு கோவில் வாசலில் நின்றான். எனக்கும் ரபேலுக்கும் தோத்திரம் சொன்னான். பிறகு எவ்லின் பக்கம் குனிந்து, நான் கேட்கிற மாதிரியே, மெதுவாகச் சொன்னான்.

"காலையில ஃபோன்ல நேத்தைய வீடியோவைப் பாத்தேன். தொட்டியில குழாயைக் காணோம். திருப்பிக் கொண்டாந்து வச்சிடு, என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எவ்லின் தலையாட்டினாள். கைப்பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டாள்.

அவன் எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தான். பூசை நடந்தது. எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நற்கருணை முடிந்து எல்லாரும் முழங்காலில் இருந்தபோது எவ்லின் கைப்பையைத் திறந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். நான் கொடுத்த குழாய். இரண்டு முனையிலும் ரோஸ் நிற எபோக்சி, பெருவிரலால் வழித்து மூடியிருந்தது.

அவள் என் காதோடு பேசினாள். மூச்சு சூடாக இருந்தது.

"ஊதா மீனை எடுக்கல. கோபி உள்ள போயி உக்காந்துக்கிச்சு. அவர் கண்ணாடியைத் தட்டினார், வரல. தட்டிக்கிட்டே இருந்தார். அப்புறம் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு அந்தப் பசையைப் பிசைஞ்சார். என்னங்க பண்றீங்கன்னு கேட்டேன். ஒளியணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா முழுசா ஒளிஞ்சுக்கட்டும்னு சொன்னார். கை கழுவிட்டு வந்து டீ போடச் சொன்னார். நான் போட்டேன்கா. டீ போட்டுக் குடுத்தேன்."

"எப்ப எடுத்த?"

"அவர் குளிக்கப் போனப்போ. கரண்டியால தோண்டிப் பாத்தேன். கல்லா ஆயிடுச்சு."

அப்படிச் சொல்லிவிட்டுக் குழாயைக் கையில் எடுத்து லேசாக ஆட்டினாள். உள்ளே தண்ணீர் ஆடியது. தண்ணீரோடு சேர்ந்து வேறொன்றும் ஆடி இந்த முனையில் இடித்தது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் கண்ணில் நீர் முட்டியது, கோபத்தில். அவன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடி வெட்டி ஒரு நாள்கூட ஆகியிருக்காது, அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஃபாதர் காகிதத்தை விரித்தார். அப்பா பேர், அம்மா பேர், ஊர். மூன்றாம் ஓலை, கடைசி ஓலை. தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் என்று வாசித்தபோது அவர் கண் ஒரு நொடி எங்கள் வரிசைக்கு வந்தது. பின்னால் யாரோ கார் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. நான் எழப் போனேன். ரபேல் என் சேலையைப் பிடித்துக்கொண்டார். அவள்தான் சொல்லணும் என்று ஃபாதர் சொன்னது நினைவு வந்து நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

எவ்லின் எழுந்தாள்.

"ஃபாதர், எனக்கு ஒண்ணு தெரியும்" என்றாள். மெல்லிய குரல். அப்படியும் கோவிலில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. சாவிச் சத்தம் நின்றது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் கோபமோ வெட்கமோ இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு கையை மட்டும் பின்னால் கொண்டுவந்து, அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மரத்தில் நகத்தால் தட்டினான்.

டக், டக்.

எவ்லினின் முழங்கால் மடங்கியது. என் கண்ணால் பார்த்தேன். வாய் ஏதோ சொல்லத் திறந்திருந்தது, கண் ஃபாதரைப் பார்த்தபடியே இருந்தது, உடம்பு மட்டும் உட்காரப் போனது. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் ரசம் எடுக்க எழுந்தாளே, அதே மாதிரிதான் இப்போது உட்காரப் போனாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

நான் அவள் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். ரபேல் சேலையை விட்டார். மறுபக்கம் அவரும் எழுந்து நின்றார்.

"நில்லுடி" என்றேன்.

மறுபடி தட்டினான், இந்தத் தடவை பலமாக. அவள் உடம்பு முழுக்க என் கையில் தொங்கியது. குழாயை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் விடவில்லை.

"எனக்குச் சம்மதம் இல்ல ஃபாதர்" என்றாள் எவ்லின்.

அவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். ஃபாதர் ஓலையை மடித்து வைத்தார்.